‘தொடாதே’ போர்டு மாட்டிய போன்

என் வீட்டுக்காரர் நாகேந்திரனைப் பார்த்து யாராவது "பாவம், காது கேக்காத மனுஷன்" என்று உச்சுக் கொட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பாவமாம், பாவம்! அவர் பேசுகிற சத்தத்தில் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருக்கோடி வரை தெரியும். நான் ரகசியமாக ஒன்று சொன்னால் "இன்னாது? உங்க அண்ணன் இன்னாது கேட்டான்?" என்று ஊருக்கே அறிவிப்புக் கொடுப்பார். பாவம் நானா, அவரா? நீங்களே சொல்லுங்கள்.

காது போன கதை பெரிய கதை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பவர் பிரஸ். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், கூரைத் தகரமும் அதிரும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "பஞ்சு வெச்சிகினா மிஷினு சத்தம் மாறினா தெரியாது பார்வதம்" என்பார். மிஷின் சத்தம் நன்றாகத் தெரிந்தது. மற்ற சத்தமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. நானும் அதே எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள்தான். அவரிடம் கத்திக் கத்தியே என் தொண்டை கெட்டுப்போனது.

முகத்துக்கு நேராக நின்று உரக்கப் பேசினால் பிடித்துக்கொள்வார். பாதியைக் காதால் கேட்பார், மீதியை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஒரே பெண் மதிவதனி ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் வினை வந்தது. போன் தயாரிக்கிற பெரிய ஃபேக்டரி. பெண்களுக்கென்று ஹாஸ்டல், ஒரு அறையில் ஆறேழு பேர். ஷிப்ட் முடித்து வந்தவள் படுத்திருப்பாள், அடுத்த ஷிப்டுக்காரி தலை வாரிக்கொண்டிருப்பாள். அங்கே நின்று "அப்பா! அப்பா! சாப்ட்டியா?" என்று கத்த முடியுமா? முதல் மாதம் கத்திப் பார்த்தாள். அறையில் இருந்த பெண்கள் முகம் சுளித்தார்களாம். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு போன் வந்தால் என் வீட்டுக்காரர் பச்சைப் பட்டனைத் தொடுவார், காதில் வைப்பார், கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார், பிறகு என்னிடம் நீட்டுவார். "நீ பேசு." நான் பேசி முடித்ததும் "இன்னா சொன்னா?" என்பார். "நல்லாக்கீறாளாம்" என்பேன். அரை மணி நேரம் பேசியதை ஒரு வார்த்தையில் சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் மிக்சரைக் கொறிப்பார். மதிவதனி வாட்ஸப்பில் எழுதிக் கேட்டாலோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் எழுதுவார்: அம்மாகிட்ட கேளு. ஆசையாக நாலு வரி எழுதுகிற பழக்கமெல்லாம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

இலவச மருத்துவ முகாமில் கொடுத்த காது மிஷினை மாட்டிப் பார்த்தோம். வீட்டில் பேசும்போது உபயோகமாக இருந்தது, ஆனால் போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் கீ என்று விசில் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டால் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அதுவுமில்லாமல் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் பெண் அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுவாள்? காதில் செருகிப் பாட்டுக் கேட்கிற வயரை வாங்கி மாட்டினோம். "சத்தம் அதிகமானால் காது கெட்டுவிடும்" என்று போனே எச்சரித்து, ஓர் அளவுக்கு மேல் ஏற விடவில்லை. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "கெடறதுக்கு இன்னா மிச்சம் கீது?" என்றார்.

அந்த எச்சரிக்கைதான் அவரைக் கிளப்பிவிட்டது. போனுக்குள் சத்தத்துக்கு ஒருவன் அளவு வைத்திருக்கிறான் என்றால் அந்த அளவை மாற்றவும் ஒரு வழி இருக்கும் இல்லையா? கீழே எழுத்து ஓடுகிற வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்த்தார். நான் சீரியல் பார்ப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் குடைந்துகொண்டிருப்பார். ஒருநாள் எழுந்து நின்று, "ரூட் பண்ணணும்" என்றார்.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். நாம் வாங்குகிற போனில் சில அறைகளை கம்பெனிக்காரன் பூட்டித்தான் கொடுக்கிறான். அந்தப் பூட்டைத் திறந்து போனுக்கு நாமே முதலாளி ஆவதுதான் ரூட் செய்வது. உள்ளே ஒரு இடத்தில், காதுப் பக்கத்து ஸ்பீக்கருக்கு எவ்வளவு சத்தம் போகலாம் என்று ஒரு எண் இருக்கிறது. ரூட் செய்தால் அந்த எண்ணை ஏற்றலாம். தப்பாகக் கை வைத்தால் போன் எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

கரையான்சாவடியில் மெட்ரோ தூணுக்கு எதிரே சபீனா என்ற பெண் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. வாய் அதைவிடக் கெட்டி. அவள் கடையில் போய் இவர் வழக்கம்போல ஊர் கேட்க, "போனை ரூட் பண்ணணும்மா!" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேம் விளையாடுகிற காலேஜ் பையன்கள் கேட்பதை ஐம்பது தாண்டிய மனுஷன் கேட்டால் பார்க்கத்தானே செய்வார்கள்!

"அண்ணே, வாரண்டி போய்டும். போன்ல கீறது எல்லாம் அழிஞ்சிடும். பேங்க் ஆப் தெறக்காது. எதுக்குண்ணே உங்களுக்கு இந்த வம்பு?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள் சபீனா.

"என் பொண்ணு பேசறது எனக்குக் கேக்கணும்."

மேஜையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். போட்டோக்களை முதலில் பத்திரமாக எடுத்து வைத்தாள். பூட்டைத் திறக்க கம்பெனியிடம் கேட்டுவிட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவர் சாப்பாட்டில்கூடக் கவனம் இல்லாமல் திரிந்தார். அனுமதி வந்ததும் அவளும் இவருமாக உட்கார்ந்து வேலையை முடித்தார்கள். எண்ணை ஒரேயடியாக ஏற்றினால் அந்தக் குட்டி ஸ்பீக்கர் கருகிவிடும் என்று அவள் சொன்னதால், கொஞ்சம் ஏற்றுவது, எனக்குப் போன் போட்டுப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் ஏற்றுவது என்று பதமாகப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மதிவதனி கூப்பிட்டாள். இவர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு காதில் வைத்தார். நான் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றேன். பழக்க தோஷம். அவர் தரவே இல்லை.

"கேக்குதுடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "அவ மூச்சு உடறதுகூடக் கேக்குது!"

கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. அந்தப் பக்கம் மதிவதனியும் அழுதாளாம். அதை அவர்தான் எனக்குச் சொன்னார். அவள் சொல்வதை அவர் எனக்குச் சொல்வது அதுதான் முதல் தடவை.

ரூட் செய்ததில் எனக்கும் ஒரு லாபம். சபீனா சொன்னபடியே அவர் போனில் பேங்க் ஆப் திறக்க மறுத்துவிட்டது. "இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல" என்று எழுதிக் காட்டியது. அன்றிலிருந்து சம்பளம், சீட்டு, கேஸ் எல்லாம் என் போனில். டீக்குக்கூட என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். அந்த ஆப்பைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் ஒரு தொல்லை ஒட்டிக்கொண்டது. அப்டேட்! மாதம் தவறாமல் கம்பெனி புதிதாக ஒன்றை அனுப்பும். மற்றவர்களுக்கு அது ஒரு தொடுதல். இவருக்கு அது கண்டம். போனுக்குள் இரண்டு அறை இருக்கிறதாம். நாம் ஓட்டுவது ஒரு அறையில். புது அப்டேட் போய் உட்காருவது இன்னொரு அறையில். போனை அணைத்துப் போட்டால் அது புது அறைக்குக் குடிபோய்விடும். அங்கே ரூட் இருக்காது, ஏற்றி வைத்த சத்தமும் எடுபடாது. அதனால் முதலில் பழையதைக் கம்பெனி கொடுத்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அப்டேட்டை இறக்க வேண்டும். அது "ரீஸ்டார்ட் செய்" என்று கெஞ்சும், செய்யக் கூடாது. அணைப்பதற்கு முன்னால் ரூட் ஆப்பைத் திறந்து, அந்த இன்னொரு அறையிலும் ரூட்டைப் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் ரீஸ்டார்ட். நடுவில் போன் அணைந்தால் எல்லாம் போச்சு.

இதற்காகவே அவர் ஒரு ஏற்பாடு செய்தார். பிரஸ் ஷாப்பில் மிஷினுக்கு அச்சு மாற்றும்போது மெயின் சுவிட்சில் ஒரு சிவப்புத் தகரப் போர்டைத் தொங்கவிடுவார்கள். 'வேலை நடக்கிறது. தொடாதே.' அதே மாதிரி கழிவுத் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று வெட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, கயிறு கோத்துக்கொண்டார். அப்டேட் நடக்கும்போது போனைப் பிரிட்ஜ் மேல் வைத்து அதன் மேல் இந்தப் போர்டை மாட்டிவிடுவார். நான் அந்தப் பக்கம் துணிகூடப் போடுவதில்லை. இரண்டு அப்டேட் இப்படி ஒழுங்காகத் தாண்டியது.

மூன்றாவது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொஞ்ச நாளாகவே பேசிக்கொண்டிருக்கும்போது போன் பட்டென்று கட்டாகிக்கொண்டிருந்தது. புது அப்டேட்டில் அதைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று சபீனா சொல்லியிருந்தாள். காலையிலேயே இவர் வேலையை ஆரம்பித்து, போனைப் பிரிட்ஜ் மேல் வைத்து, போர்டை மாட்டிவிட்டு, கோழி வாங்கப் போனார். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மணவாளன் வந்தார். இவரோடு அதே ஷாப்பில் அச்சு மாட்டுகிற செட்டர். எங்கள் வீட்டில் அவருக்குக் கதவு தட்டுகிற வழக்கம் கிடையாது. நான் இறங்கி வந்தபோது காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார். பிரிட்ஜைப் பார்த்தார். போர்டு அப்படியே இருந்தது. போனைக் கையில் எடுத்தார். திரை கறுப்பாக இருந்தது.

"யாரு இத்த ஆஃப் பண்ணது?"

"நான்தான் மாமே" என்றார் மணவாளன், ஏதோ நல்ல காரியம் செய்தவர் போல. "போர்டு தொங்கிகினு கீது, மிஷினு ஓடிகினு கீது. அது தப்பாச்சே. அதான் ஆஃப் பண்ணேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பக்கெட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். "இன்னாண்ணே, தொடாதேன்னு எழுதிக் கீது, அப்பறம் எதுக்குத் தொட்டீங்க? கண்ணு தெரியலியா?" என்று கேட்டேவிட்டேன்.

மணவாளன் திருதிருவென்று விழித்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிரஸ் ஷாப்பில் அந்தப் போர்டு தொங்கினால் மிஷின் அணைந்திருக்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். ஒரு தடவை போர்டு மாட்டிய மிஷினில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்காமல் விட்டதால்தான் மணவாளனுடைய இடது கையில் இரண்டு விரல் இல்லை. அன்றிலிருந்து எங்கே அந்தச் சிவப்பைப் பார்த்தாலும் அவர் கை தானாக சுவிட்சைத் தேடும். வேறு யாராக இருந்தாலும் போர்டைப் பார்த்து விலகிப் போயிருப்பார்கள். இவர் போர்டைப் பார்த்ததால்தான் அணைத்தார்!

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். "உடு மாமே" என்றார். "நீ செஞ்சது கரெக்ட்டுதான். ஆஃப் பண்ண மிஷினுக்கு மாட்ற போர்ட ஓடற போனுக்கு மாட்டுனது என் தப்பு."

போனைப் போட்டுப் பார்த்தார். புது அறைக்குக் குடிபோய்விட்டிருந்தது. ரூட் இல்லை. நான் என் போனிலிருந்து கூப்பிட்டு "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். காதில் அழுத்தி அழுத்தி வைத்துவிட்டு, தலையை ஆட்டினார். பழையபடி ஒன்றும் இல்லை.

அப்போதுதான் என் போனில் மதிவதனியின் மெசேஜ் வந்தது. 'அம்மா, கம்பெனில என்னை ஒரு வருஷம் ட்ரெயினிங்குக்கு வியட்நாம் அனுப்பறாங்க. எங்க லைன்ல ரெண்டு பேரத்தான் எடுத்துருக்காங்க. நாளைக்குக் காலைல பதில் சொல்லணும். நீ வேணாம்னு சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். அதனால அப்பாகிட்ட நானே பேசறேன். அஞ்சு மணிக்குக் கூப்பிடுவேன். அவர் வேணாம்னு சொன்னா போகல.'

வேணாம் என்றுதான் சொல்வேன். அதில் என்ன தப்பு? ஓசூருக்குப் போனதையே நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறேன். கடல் தாண்டி, மொழி தெரியாத ஊரில், என்ன சாப்பிடுவாள், யாரை நம்புவாள்? வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க கெளம்பற?" என்று கேட்டேன்.

"சபீனா கடைக்கு."

"எதுக்கு? வேணாம்னு ஒரு வார்த்த எழுதி அனுப்பு, முடிஞ்சிது."

"எழுதச் சொல்லலியே அவ. பேசறேன்னு சொல்லிக்கீறா. அவ கேக்கறத நான் என் காதுல வாங்கணும்."

நான் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். போன் சரியாகாமல் போனால் எனக்கு லாபம்தானே? ஐந்து மணிக்கு நானே எடுத்து, "உங்கப்பா வேணாம்னுட்டாரு" என்று முடித்திருக்கலாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது என்று அழுத மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்கி நான் ஜெயிக்க வேண்டுமா? அதோடு அவரும் வேணாம் என்றுதான் சொல்வார் என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை. கோழியை மணவாளன் தலையில் கட்டிவிட்டு, பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

திருவேற்காடு வழியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், சபீனா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லியில் சொந்தக்காரர் கல்யாண விருந்து. அவள் வீட்டுக்காரர் அப்துல் ரசாக் ஆட்டோவை ஓடவிட்டபடி காத்திருந்தார்.

"அண்ணே, நாளைக்கு வாங்களேன்" என்றாள்.

நான் மெசேஜைக் காட்டினேன். படித்தாள். "ஏங்க, நீங்க போயி பிரியாணிய சாப்டுகினு இருங்க, நான் வந்துடறேன்" என்று ரசாக்கிடம் சொல்லிவிட்டு ஷட்டரைத் திரும்பத் தூக்கினாள். அந்த மனுஷன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார்.

ஏற்றி வைத்த சத்தம் எங்கும் போகவில்லையாம், போனுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறதாம். திரும்ப ரூட் கிடைத்தால் தானாக வேலை செய்யும். அதற்கு இந்தப் புது அப்டேட்டுக்கென்றே உள்ள ஒரு பைல் வேண்டும். கம்பெனியின் தளத்திலிருந்து முழு மூட்டையையும் இறக்கி, அதில் அந்த ஒரு பைலை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். மூட்டையோ பெரிது. கடை நெட்டோ ஆமை. திரையில் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

கடிகாரம் மட்டும் நன்றாக ஓடியது. என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "பழைய அப்டேட்டு பைலு உன்னாண்ட கீதுல்ல? அத்தப் போடு!"

"மாட்டேன்."

"போடும்மா, டைம் ஆவுது!"

"அண்ணே, புது சாப்ட்வேர்ல பழைய பைலப் போட்டா போன் லோகோவுலயே நின்னுடும். அப்பால அஞ்சு மணிக்கு உங்க பொண்ணு கூப்ட்டா மணியே அடிக்காது. பரவால்லியா?"

அவர் மேஜையைக் குத்தினார். "அது என் போனு! நான் சொல்றேன் போடுன்னு!"

"கடை என்னுது!" என்று அவரைவிட உரக்கக் கத்தினாள் சபீனா. பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, இடுப்பில் கை. அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்து இவர் வாயை மூடிக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்தில் என்னால் முடியாதது அது.

ஒருவழியாக மூட்டை இறங்கியது. பைலைப் பிரித்தாள். அதைப் போனுக்கு அனுப்பி, ரூட் ஆப்பில் தயார்செய்து, லேப்டாப்புக்குத் திரும்ப வாங்கி, வயரை மாட்டினாள். லேப்டாப்புக்குப் போன் தெரியவில்லை. வேறு வயர் மாற்றினாள். தெரிந்தது. ஒரு வரி அடித்தாள். "முடிஞ்சிது. இப்ப ரீஸ்டார்ட்" என்றாள்.

போன் அணைந்து, கம்பெனிப் பெயர் வந்தது. வந்தது வந்தபடியே நின்றது. நான் மனசுக்குள் வேம்புலியம்மனைக் கூப்பிட்டேன். தாயே, இந்தப் போன் ஓட வேண்டும், அந்தப் பெண் போகக் கூடாது. அம்மனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

திரை வந்தது! சபீனா ரூட் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "கெடச்சிடுச்சிண்ணே!" என்று கை தட்டினாள். என் போனிலிருந்து அவளே கூப்பிட்டு, "அண்ணே, என் பிரியாணி போச்சு" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

"கேக்குது! பிரியாணி கேக்குது!" என்று குதித்தார் என் வீட்டுக்காரர். நிஜமாகவே குதித்தார். நானும் சபீனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மதிவதனி கூப்பிட்டாள். வெளியே பஸ் சத்தம், ஹாரன் சத்தம். இவர் கவுன்ட்டருக்கு உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று காதில் வைத்தார். நான் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றேன். என்ன செய்து என்ன? அவள் பேசியதில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. போனை அப்படி அழுத்திப் பிடித்திருந்தார். எனக்குக் கிடைத்ததெல்லாம் இவர் பேசியது மட்டும்தான்.

"சொல்லும்மா... ம்... கேக்குது, நீ மெதுவாவே பேசு... ம்... யார் யாரு போறீங்க?... சரி... சோறு கெடைக்குமா?... நீயே ஆக்கிப்பியா? நீயா?... ம்... உங்கம்மா பக்கத்துல தான் கீறா. மொறச்சிகினு கீறா."

நான் கையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன். வேணாம், வேணாம் என்று அவர் முகத்துக்கு நேராக வாயசைத்தேன். உதடு பார்த்துப் பேச்சுப் படிக்கிற மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்! கண்ணை மூடியபடியே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"போய்ட்டு வாம்மா. அப்பா சொல்றேன், போய்ட்டு வா."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இவர் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கடையே அதிரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்" என்றார். பேச்சு முடிந்தது.

"யாரக் கேட்டுப் போவச் சொன்ன?" என்று பாய்ந்தேன் நான். "பெத்தவ ஒருத்தி இங்க நிக்கறனே, என் மூஞ்சியாவது பாத்தியா?"

அவர் என் பக்கத்தில் வந்து குனிந்து உட்கார்ந்தார். எந்தக் காலத்திலும் இல்லாதபடி தணிந்த குரலில் பேசினார். "அவ பயப்படல பார்வதம். பக்கத்துல பொண்ணுங்க தூங்குதுங்கன்னு கிசுகிசுன்னுதான் பேசுனா. அந்தக் கொரல்ல ஒரு சொட்டு பயம் இல்ல. கொஞ்சம் நடுங்கியிருந்தாகூட நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். மெசேஜுல இது தெரியுமா சொல்லு?"

தினமும் அவளோடு பேசுகிறவள் நான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டிருக்கிறேனே தவிர, இப்படி ஒரு நாளாவது அவள் குரலைக் கேட்டிருக்கிறேனா? அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சபீனா தண்ணீர் கொடுத்தாள். அழுதுகொண்டே இருந்தவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பும் வந்தது. வியட்நாம் போகப் போகிறாள் என் பெண்! அவள் லைனில் இரண்டே பேர், அதில் ஒருத்தி!

"சரி, கடைசில எதுக்கு அப்டி சிரிச்ச? இன்னா சொன்னா அவ?"

"அது எங்களுக்குள்ள" என்றார்.

மதிவதனி போய்ச் சேர்ந்து மாசக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவும் பெண்ணும் பேசுகிறார்கள். அன்று அவள் என்ன சொன்னாள் என்று நானும் கெஞ்சிக் கேட்டுவிட்டேன், திட்டிக் கேட்டுவிட்டேன், கறிக்குழம்பு வைத்துக் கொடுத்தும் கேட்டுவிட்டேன். மனுஷன் காதைத் தொட்டுக் காட்டி, "இன்னாது? ஒண்ணும் கேக்கல" என்கிறார்.